சோற்றுச் சட்டத்தை எதிர்த்தவள்

எங்கள் பக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்தில் கிடைக்கும். நானும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தான். முட்டை உள்ள நாளில் வரிசையில் முந்தி நிற்பதற்காக, மணி அடிக்கும் முன்பே தட்டைக் கழுவி மடியில் வைத்துக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்பில் அது நின்றுபோனது. அந்த வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு மத்தியானம் பசிக்காது என்று யாரோ எங்கேயோ முடிவு செய்துவிட்டார்கள்போல. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் ஓடிப்போய் வீட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு ஓடி வந்துவிடுவேன். கல்லூரியில் சேர்ந்தபோது அந்த வழியும் அடைந்தது.

வீடு எல்லைக்கு மலையாளப் பக்கம், பொழியூரில். கல்லூரி நெய்யாற்றின்கரைப் பக்கம். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் சுமந்து வீடுவீடாக விற்பவள். அவள் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கடற்கரையில். அந்தப் பக்கம் என்றாலும் உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அதனால் எங்கள் வீட்டில் ஜெபமும் சண்டையும் தமிழில் நடக்கும். படிப்பும் பஸ்ஸும் மலையாளத்தில். அங்கே மலையாளத்தில் பேசியதையும் இங்கே எங்கள் வீட்டுத் தமிழிலேயே சொல்கிறேன்.

மீன் கிடைக்கிற மாதங்களில் நான் வாழையிலையில் பொதிந்த சோறு கொண்டுபோவேன். அதில் அம்மா வைத்த மீன்கறி இருக்கும், பெஞ்சே மணக்கும். மழைக்காலம் தொடங்கி கடல் ஏறிவிட்டால் வள்ளம் இறங்காது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் கடல் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது. முன்னறையும் அடுக்களையும் போயின. மிச்சமிருந்த சுவர்களை விட்டுவிட்டு, உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அந்தக் காலத்தில் காலையில் பாலில்லாத கட்டன்சாயா, ராத்திரி கஞ்சி. மத்தியானம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடற்கரைக்காரர்கள் அப்படிச் சொல்கிறவர்கள் இல்லை. "பட்டினி கெடந்தாலும் ஏப்பம் விட்டுக்கிட்டு வெளியே எறங்கணும்" என்பாள் அம்மா. மத்தியான மணி அடித்ததும் நான் லைப்ரரிக்குப் போய்விடுவேன். தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்து விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கொஞ்ச நாளில்தான் ஒன்று கவனித்தேன். அங்கே மத்தியானத்தில் மட்டும் வருகிறவர்கள் என்று சிலர் இருந்தார்கள். பாலராமபுரத்திலிருந்து வரும் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண், பாறசாலைப் பக்கத்துப் பையன்கள் சிலர். ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்போம். யாரும் எதுவும் கேட்டதில்லை.

இரண்டாம் வருடம், அரசியல் அறிவியல் சொல்லித்தந்த சார் மாதிரிப் பாராளுமன்றப் போட்டிக்கு ஆள் சேர்த்தார். மாணவர்களே சபாநாயகராகவும் மந்திரிகளாகவும் எதிர்க்கட்சியாகவும் இருந்து சபை நடத்திக் காட்ட வேண்டும். மற்றக் கல்லூரிக்காரர்கள் எல்லைப் பாதுகாப்பு, விலைவாசி என்று பெரிய பெரிய விஷயங்களை எடுப்பார்கள். சார் எங்களிடம், "நம்ம காலேஜ் கேட்டுக்குள்ள நடக்கிற காரியம் ஏதாவது எடுங்க" என்றார்.

உடனே கை தூக்கியவள் என் வகுப்புக்காரி. நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வைத்திருந்த பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். வாரத்தில் எல்லா நாளும் இஸ்திரி போட்ட சுடிதார், அடுக்குப் பாத்திரத்தில் சோறு.

"சாரே, மத்தியானம் கிளாஸ்ல பாதிப்பேரைக் காணல்ல. எங்க போறாங்கண்ணு பாத்தேன். பலபேரு சாப்பிடுகதே இல்ல. காலேஜ் பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்க ஒரு பில் கொண்டுவரலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் எதைப் பார்த்தாள், யாரைப் பார்த்தாள் என்று உள்ளுக்குள் எரிந்தது. சாருக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவளே மந்திரி, அவளே மசோதாவைக் கொண்டுவரட்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எதிர்க்கட்சித் தலைவர் நீயாக்கும். உனக்க தொண்டைக்கு மைக் வேண்டாம்."

அது உண்மைதான். சாளை சாளை என்று தெருமுனையில் கூவினால் அடுத்த தெருவில் சட்டி எடுக்க வைக்கிற தொண்டை என் அம்மாவுடையது. அது எனக்கும் வந்திருந்தது.

ஆக, சோறு கொடுக்கிற சட்டத்தை நான் எதிர்க்க வேண்டும். பேச வேண்டியதைச் சாரும் சில சீனியர்களும் எழுதித் தந்தார்கள். கஜானாவில் பணமில்லை, இது வாக்குக்காகக் கொண்டுவருகிற மசோதா, வீட்டிலிருந்து சோறு கொண்டுவரும் நல்ல பழக்கம் கெட்டுப்போகும் என்றெல்லாம் இருந்தது. பயிற்சிகளில் நான் அதை அப்படியே ஒப்பித்தேன். நாடகம்தானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். நல்ல வேளையாக, எங்கள் பயிற்சி மத்தியான இடைவேளையில்தான் நடந்தது. அந்த வாரங்களில் லைப்ரரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

போட்டிக்கு முன்பு கல்லூரி முழுவதற்கும் ஒருமுறை நடத்திக் காட்டினோம். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிரின்சிபால், ஆசிரியர்கள், பெற்றோர் சங்கத்துக்காரர்கள். சபாநாயகராக இருந்தவன் காட்டாக்கடைக்காரன். கறுப்பு அங்கியில் வியர்த்துக்கொண்டே, "ஆர்டர், ஆர்டர்" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மந்திரி எழுந்து மசோதாவை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். பயிற்சியில் நாங்கள் ஒவ்வொரு பிரிவையும் முழுக்க வாசித்ததில்லை. அன்றைக்குத்தான் அவள் தலைப்பிலிருந்து கடைசிவரை வாசித்தாள். அதில் ஒரு பிரிவு இப்படி இருந்தது: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்து மாணவர், ரேஷன் அட்டையும் கிராம அலுவலகத்தின் வருமானச் சான்றிதழும் காட்டி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கினால், அவருக்கு உணவு அட்டை வழங்கப்படும்.

கைதட்டல் எழுந்தது. அடுத்தது என் முறை.

நான் எழுந்து மாண்புமிகு சபாநாயகர் அவர்களே என்று மலையாளத்தில் தொடங்கினேன். கஜானாவில் பணமில்லை என்ற வரியைச் சொன்னேன். வீட்டிலிருந்து சோறு கொண்டுவரும் நல்ல பழக்கம் என்ற வரி வந்தது. அது வாயிலிருந்து வெளியே வரவில்லை. தாளைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். சபையின் ஓரத்தில் நின்ற சார், மறந்துவிட்டேன் என்று நினைத்து உதட்டை அசைத்துக் காட்டினார். நான் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் இந்தப் பில்லை எதிர்க்கியேன். காசில்லேண்ணு இல்ல. மந்திரி அட்டையைக் காட்டச் சொல்லுதாங்க. அதுக்காக எதிர்க்கியேன்."

எந்த மொழியில் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பேசுகிற தமிழ் தானாக வந்துகொண்டிருந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவன், "மலையாளம், மலையாளம்" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. சபாநாயகன் மேசையைத் தட்டினான். சட்டசபையில் மொழிச் சிறுபான்மை உறுப்பினர் சபாநாயகர் அனுமதித்தால் தாய்மொழியில் பேசலாம் என்று சார் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். அந்தக் காட்டாக்கடைக்காரனுக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். உறுப்பினர் தமிழில் தொடரலாம் என்று கனமான குரலில் தீர்ப்புச் சொன்னான். அரங்கம் அடங்கியது.

"அட்டையில ஒரு வீட்டு நம்பர் உண்டு. அந்த வீட்டைக் கடல் எடுத்துட்டு. நம்பர் இப்பம் தண்ணிக்குள்ள கெடக்கு. கிராம ஆபீசர் எங்க வந்து பாத்து எழுதித் தருவாரு? வள்ளம் போகாத மாசம் பசிக்கும், போற மாசம் பசிக்காது. ஒரு வருசத்துக்கு ஒரு சான்றிதழ்ல இதை எப்பிடி எழுதுவீங்க? பின்னே, கையெழுத்து வாங்க ஸ்டாப் ரூம் வாசல்ல நிக்கணும். இன்னாரு வீட்டுல சோறில்லேண்ணு அண்ணைக்கே காலேஜ் முழுக்கத் தெரியும். அதுக்குப் பட்டினி கெடக்கியது மேலுண்ணுதான் பிள்ளையள் நெனைப்பாங்க. இந்தச் சட்டம் வந்தா மந்திரிக்க பாத்திரத்துல சோறு மிஞ்சும். வாங்க ஆளு வராது."

மூச்சு வாங்கியது. ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

"பள்ளிக்கூடத்துல என்னட்ட யாரும் ஒண்ணும் கேக்கல்ல. தட்டை நீட்டினேன், சோறு விழுந்து. அதுபோலச் செய்யுங்க. எல்லாருக்கும் குடுங்க. சாருமாரும் வரிசையில நிக்கட்டும். யாரும் எதையும் காட்ட வேண்டாம். அப்பம் நான் எதிர்க்கமாட்டேன்."

உட்கார்ந்தேன். மேடைக்கு எதிரே, பின்வரிசையில், பாலராமபுரத்துப் பெண்ணின் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எழுதி வைத்தபடி இப்போது மந்திரி எழுந்து எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்து பதில் சொல்ல வேண்டும். அவள் எழுந்தாள். மசோதாத் தாளை மேசையில் விரித்தாள். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்தப் பிரிவைக் குறுக்காக அடித்தாள்.

"சபாநாயகர் அவர்களே, எதிர்க்கட்சித் தலைவரின் திருத்தத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது."

சபாநாயகன் மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டான். ஆதரிக்கிறவர்கள் ஆம் என்று சொல்லலாம் என்றான். மேடையில் இருந்தவர்கள் சொல்ல வேண்டிய ஆம் அது. ஆனால் அரங்கமே சொன்னது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் என் முதுகு நிமிர்ந்துவிடும்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மந்திரி என்னைத் தேடி வந்தாள்.

"எட்டீ, நீ மத்தியானம் எங்க போவ?"

"லைப்ரரிக்கு."

"நான் பாத்துட்டிருந்த ஆளுகள்ல நீ இல்லவே இல்லியே."

"தெரியப்பிடாதுண்ணுதானே போனேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. "அழுதியா, நாளைக்கும் எதிர்த்துப் பேசுவேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் சிநேகிதிகள்.

போட்டியில் நாங்கள் தோற்றோம். அங்கேயும் நான் இதையே பேசினேன், அது குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது என்று மதிப்பெண் குறைத்தார்கள். சார் வருத்தப்படவில்லை. வண்டியில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் பிரின்சிபால் எங்கள் இரண்டுபேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கண்டிப்பான மனுஷி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எனக்க ஹாலுல வச்சு ஒரு சட்டம் பாஸாக்கியாச்சு. எனக்க முன்னாடி. இனி யாரு நடத்துவா?"

மந்திரி வாயைத் திறக்கும் முன்பே நான், "நடத்துகது அரசாக்கும் டீச்சர், நான் எதிர்க்கட்சி" என்றேன். பிரின்சிபால் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரித்தாலும் அவர் விளையாட்டாகக் கூப்பிடவில்லை. கல்லூரிக் குழுவில் வைத்தார், பெற்றோர் சங்கத்தில் வைத்தார். திருத்திய மசோதாவையே தீர்மானமாக எழுதிக் கல்லூரி விதிகளோடு சேர்த்தார்கள். பெற்றோர் சங்கத்தில் சிலர், வசதியுள்ளவன் ஏன் தின்ன வேண்டும் என்று கேட்டார்களாம். வசதியுள்ளவன் தின்றால்தான் மற்றவன் தின்பான் என்று பிரின்சிபால் பதில் சொன்னாராம். பழைய சைக்கிள் ஷெட்டைச் சுத்தம் செய்து அடுப்புப் போட்டோம். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் சமையலுக்கு வந்தார்கள். கஞ்சி, பயறு, தேங்காய்ச் சம்மந்தித் துவையல். சில நாள் மரச்சீனிக் கிழங்கு. மந்திரியின் மிஷன் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு விசுவாசிகள் கொண்டுவந்து படைக்கிற காய்கனிகளை ஏலம் விடுவார்கள். அந்த வருடம் பலாச்சக்கையும் ஏத்தன் வாழைக்குலையும் கிழங்கும் ஏலம் எடுத்தவர்கள் பலர், அப்படியே வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதற்காகச் சபை முழுவதும் பேசி நடந்தவள் அவள்தான்.

முதல் நாள் வரிசையில் யாரும் முன்னால் வரவில்லை. எல்லோரும் தூண்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். சார் போய்த் தட்டை எடுத்தார். பிறகு பிரின்சிபால். பிறகு மந்திரி தன் அடுக்குப் பாத்திரத்தை வகுப்பிலேயே வைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நான். திரும்பிப் பார்த்தபோது வரிசை கேட் வரைக்கும் நீண்டிருந்தது. லைப்ரரிக் கூட்டம் முழுவதும் அதில் இருந்தது. யார் பசித்து வந்தவர், யார் ருசிக்கு வந்தவர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் கேட்டது அதைத்தான். அந்தக் கஞ்சி போலொரு கஞ்சி நான் பிறகு குடித்ததில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பட்டினி கிடந்ததை மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கடல் அடங்கி வள்ளங்கள் இறங்கிய பிறகு ஒரு நாள், வகுப்பில் இருக்கும்போது வெளியே அவள் குரல் கேட்டது. முதலில் பிரமை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், தலையில் மீன்பெட்டியோடு பிரின்சிபால் அறை வாசலில் நிற்கிறாள். கூடவே எங்கள் கரையிலிருந்து இரண்டு மீன்காரிகள். பிரின்சிபாலிடம் அம்மா தமிழிலேயே பேசினாள்.

"டீச்சரே, எனக்க மோளு இங்க ஒரு சட்டம் போட்டாளாமே. அதுல மீன் உண்டா?"

பிரின்சிபால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இல்ல, மீன் இல்ல."

"அப்பம் அது தெகையாத, அரைகொறைச் சட்டமாக்கும். இந்தா, சாளை. இண்ணு காலத்த எறங்கினது. கடல் தருகப்பம் நாங்க கொண்டுவாறோம். தராதப்பம் எங்க பிள்ளையளுக்கு நீங்க கஞ்சி ஊத்துங்க."

வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டது. யாருடைய அம்மா அது என்று ஒருவன் கேட்டான். "எனக்க அம்மை" என்று நான் சொன்ன சத்தம், உள்ளே பாடம் எடுத்துக்கொண்டிருந்த சார் கையில் சாக்பீஸோடு நிற்கும்படி இருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது வேறொரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. மந்திரி உண்மையில் வழக்கறிஞராகிவிட்டாள். சைக்கிள் ஷெட் அடுப்பு இன்னும் எரிகிறது. இதைக் கேள்விப்பட்ட ஒரு சட்டமன்ற உறுப்பினர் கல்லூரிக்கு வந்து, வரிசையில் நின்று கஞ்சி குடித்துவிட்டு, அந்த விதியின் பிரதி ஒன்றை வாங்கிப் போனார். அதோடு மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். மறக்கவில்லை. மாநிலம் முழுவதும் கல்லூரி மாணவர்களுக்கு மத்தியான உணவு உரிமை வேண்டும் என்று தனிநபர் மசோதாவாக எழுதினார். எழுதும்போது மந்திரியையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாங்கள் இரண்டுபேரும் அவருடைய மேசையில் மறுபடியும் சண்டை போட்டோம். அவள் சட்டம் படித்தவள், நான் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்பவள். ஒரு காற்புள்ளிக்கு அரை நாள் போனது.

அது சபைக்கு வந்த வெள்ளிக்கிழமை எங்களைப் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்தார். வேலையை விட்டு வரமாட்டாள் என்று நினைத்துத்தான் அம்மாவைக் கேட்டேன். "வாறேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். பெட்டியில் இருந்த பட்டுச்சேலையை உடுத்துக்கொண்டு, பாறசாலையில் ரயில் ஏறும்போதே, "அங்க பேசலாமா?" என்று கேட்டாள். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது என்றேன். "பின்னே என்னத்துக்குப் போறோம்?" என்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் சபை எங்கள் மேடை போலவே இருந்தது, பெரிதாக. உறுப்பினர் எழுந்து மசோதாவை அறிமுகம் செய்தார். ஒவ்வொரு பிரிவாக விளக்கினார். ஓரிடத்தில் தாளைத் தாழ்த்திவிட்டு, உணவு பெற எந்த மாணவரும் எந்தச் சான்றும் காட்ட வேண்டியதில்லை என்று மலையாளத்தில் சொன்னார். நான் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பக்கம் மந்திரி என் முழங்கையைக் கிள்ளினாள். அந்தப் பக்கம் அம்மா குனிந்து, குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு, தன் இயல்பான குரலில் கேட்டாள்.

"இது நீ சொன்னதாக்குமா மக்கா?"

காவலர் திரும்பிப் பார்த்தார். கீழே சில உறுப்பினர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "ஆமா" என்று தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சபை கலைகிறவரை அந்த நிமிர்வு குறையவில்லை.

மந்திரி பதில் சொன்னார். நான் சொல்வது உண்மையான மந்திரி. நோக்கம் நல்லது, அரசு கவனத்தில் கொள்ளும், செலவைப் பார்க்க வேண்டும் என்றார். எதிர்த்துப் பேசிய ஒருவர் வசதியுள்ளவர்களுக்கும் ஏன் என்று கேட்டார். எனக்கு எழுந்து பதில் சொல்ல நாக்கு துடித்தது. நான் சொல்ல நினைத்ததைக் கீழே உறுப்பினர் அழகாகச் சொன்னார். கடைசியில் விவாதம் முடியாமல் பிறகு தொடரும் என்று வைத்துவிட்டார்கள். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது அபூர்வம் என்று சிநேகிதி முன்பே சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு ஏமாற்றமில்லை. பொழியூரில் கடல் தின்ற வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு வாக்கியம் சட்டசபைக் குறிப்பில் ஏறிவிட்டது. இனி யார் இதைப் பற்றிப் பேச எழுந்தாலும் அந்த வாக்கியத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். அம்மாவுக்கு இடம் கொடுத்த பெண் ஒருத்தி, பட்டுச்சேலையைப் பார்த்து, கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்டாள்.

"கல்யாணமில்ல. சட்டசபைக்கு. எனக்க மோளுக்க சட்டம் அங்க ஓடுது."

"அப்பிடியா? பாஸாச்சா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல, முடியல்ல. ஓடிட்டிருக்கு" என்றாள், பெட்டி முழுவதும் கேட்கும்படி.